வாஷிங்டனா, பெய்ஜிங்கா? சியோலின் முடிவை வாசிக்கும் முறை

தென் கொரியா ஒரு முடிவை அறிவித்தால், அது அமெரிக்கப் பக்கமா சீனப் பக்கமா என்று முதலில் கேட்காதீர்கள். அதனால் வட கொரியா விஷயத்தில் என்ன மாறுகிறது என்று கேளுங்கள். 1953 ஜூலை 27-இல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே; சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. சியோலிலிருந்து எல்லை சுமார் 50 கிலோமீட்டர்தான். அதனால்தான் அங்கே ஏறத்தாழ 28,500 அமெரிக்கப் படையினர் இருக்கிறார்கள். சீனாவோ தென் கொரியாவின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி. அதே சீனாவுக்கு வட கொரியாவுடன் 1961 முதல் பரஸ்பர உதவி உடன்படிக்கையும் உண்டு. இந்த முடிச்சை மறந்துவிட்டு வாசித்தால் மற்றதெல்லாம் தவறாகவே புரியும்.

அடுத்து, விஷயம் பாதுகாப்பா பணமா என்று பிரித்துக்கொள்ளுங்கள். சீனா தொடங்கிய ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியை அமெரிக்கா சந்தேகத்தோடு பார்த்தது. ஆனாலும் 2015-இல் சியோல் அதில் சேர்ந்தது. பணவிஷயத்தில் அதற்கு இடமிருந்தது. பாதுகாப்பில் அந்த இடம் குறுகிவிடும்.

அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு இதற்குச் சரியான பாடம். அதைத் தென் கொரியாவில் நிறுவும் முடிவு 2016 ஜூலை 8-இல் அறிவிக்கப்பட்டது. வட கொரிய ஏவுகணைகளுக்காகத்தான் என்றது சியோல். அதன் ரேடார் தன் நிலப்பரப்பையும் நோட்டமிடும் என்றது பெய்ஜிங். அடி விழுந்தது ராணுவத்தின்மீது அல்ல. தாட் அமைப்புக்காகத் தென் கொரியாவின் சியோங்ஜுவில் தன் கோல்ஃப் மைதானத்தைக் கொடுத்த லோட்டே நிறுவனத்தின் கடைகள் சீனாவில் வரிசையாக மூடப்பட்டன. தீயணைப்பு விதிமீறல் என்று காரணம் சொன்னார்கள். 2017 மார்ச்சில் சீனாவிலிருந்து தென் கொரியாவுக்கான குழுச் சுற்றுலாவும் நின்றது. ஆகவே எந்த முடிவிலும், விலை கொடுக்கப்போவது எந்தத் துறை என்று முன்கூட்டியே குறித்துவையுங்கள்.

வினைச்சொற்களையும் விடாதீர்கள். 2017 அக்டோபரில் வெளியுறவு அமைச்சர் காங் கியுங் வா நாடாளுமன்றத்தில் மூன்று விஷயங்களைச் சொன்னார்: கூடுதல் தாட் பற்றி யோசிக்கவில்லை, அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு வலையில் சேரமாட்டோம், அமெரிக்கா, ஜப்பானோடு மும்முனை ராணுவக் கூட்டணி ஆகாது. தன் நிலைப்பாட்டைத் "தெரிவித்ததாக" சியோல் சொல்கிறது; பெய்ஜிங் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டது. 2022-இல் ஆட்சி மாறியதும் இந்த வேறுபாடே மறுபடி சர்ச்சையானது. கூட்டு அறிக்கை வந்தால் இரு தலைநகரங்களின் வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் காணாமல்போன வரிதான் முக்கியம்.

கட்சியை வைத்து ஊகிப்பதும் ஏமாற்றும். பழமைவாதியான அப்போதைய அதிபர் பார்க் கியூன் ஹே 2015 செப்டம்பரில் பெய்ஜிங் ராணுவ அணிவகுப்பு மேடைக்கே போனார். பத்து மாதம் கழித்து தாட் முடிவை அறிவித்தது அவர் அரசுதான். அவருக்குப் பின் அதிபரான மூன் ஜே இன் அந்த முடிவை மறுபரிசீலனை செய்வதாகச் சொல்லி வந்தவர். 2017 ஜூலை இறுதியில் வட கொரியா கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்ததும், தாட்டின் மீதமிருந்த நான்கு ஏவுகருவிகளையும் நிறுவச் சொன்னார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை: சீனாவிலிருந்து வரும் ஒவ்வொரு தடங்கலும் பழிவாங்கல் அல்ல. 2021 இறுதியில், டீசல் புகையைச் சுத்திகரிக்கத் தேவையான யூரியா கிடைக்காமல் தென் கொரியாவின் டீசல் லாரிகள் திணறின. சீனா தன் உள்நாட்டு உரத் தேவைக்காக ஏற்றுமதியை இறுக்கியதுதான் காரணம். தடங்கலுக்கு முந்தைய வாரங்களில் சியோல் ஏதாவது பாதுகாப்பு முடிவு எடுத்ததா, அதே கட்டுப்பாடு மற்ற நாடுகளையும் தாக்கியதா என்று பார்த்த பிறகே பெயர் சூட்டுங்கள்.