பிள்ளைகளே கட்டும் கொட்டாய்

முதலில் இடத்தைப் பாருங்கள். நாலைந்து பிள்ளைகள் உட்கார ஆறடிக்கு ஆறடி போதும். தரைவீட்டில் இருப்பவர்களுக்குக் கார் நிறுத்தும் போர்ச்சின் ஓரம் வசதி, மேலே கூரை இருக்கிறது. பின்சந்து வேண்டாம். அது பொதுவழி, மாநகர் மன்றத்தார் வந்து அகற்றினால் பிள்ளைகள் நொந்துபோவார்கள். அடுக்குமாடியில் நடைவழியை அடைக்கவே கூடாது, தீப்பிடித்தால் ஓட வேண்டிய வழி அது. சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பழைய கைலிகளைத் தொங்கவிட்டுக் கொடுங்கள். உள்ளே போனவர்கள் சாயங்காலம் வரை வெளியே வரமாட்டார்கள்.

நான் வளர்ந்தது பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துக் கடைவீட்டில். கீழே மளிகைக் கடை, மேலே எங்களைப் போலச் சில குடும்பங்கள். மாடிப்படிக்குக் கீழே சாக்கு அடுக்கும் மூலைதான் எங்கள் கிளப். மல்லியும் காய்ந்த மிளகாயும் எப்போதும் மூக்கில் ஏறும். பூக்கடைக்காரர் மகள், நாசி கண்டார் என்னும் சோறு-குழம்புக் கடைப் பையன், மேல்வீட்டுச் சீனப் பையன், நான். தமிழ், ஹொக்கியன் சீனம், மலாய் மூன்றும் ஒரே பேச்சில் கலந்து வரும். சாக்குகளை நகர்த்தி இடம் பிடித்ததும், அட்டைப்பெட்டியை வெட்டிக் கதவு வைத்ததும் நாங்களேதான். அதனால் சொல்கிறேன், கடையில் விற்கும் பிளாஸ்டிக் வீட்டை வாங்கி வைக்காதீர்கள். பலகையைச் சேர்ந்து தூக்கும்போதுதான் பிள்ளைகள் ஒட்டிக்கொள்கிறார்கள்.

பலகைக்குச் சரக்கு இறக்கும் மரப் பேலட் நல்லது. ஹார்டுவேர் கடையில் கேட்டால் பழையதைக் கொடுப்பார்கள். ஓரத்தில் முத்திரை இருக்கும்: எச்.டி. (HT) என்றால் வெப்பத்தில் பதப்படுத்திய மரம், எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். துளை போடுவதும் போல்ட் முடுக்குவதும் பெரியவர் வேலை. நிமிர்த்தி வைக்கும் பேலட்டைப் போர்ச் தூணோடு இறுக்கிக் கட்டுங்கள், பிள்ளைகள் கட்டாயம் அதில் ஏறுவார்கள். உப்புத்தாள் தேய்ப்பது, சாயம் அடிப்பது, பழைய பாயை விரிப்பது எல்லாம் அவர்களிடம் விடுங்கள். சாயம் ஒழுகினால் ஒழுகட்டும். வாசலை நாலடிக்கு மேல் உயர்த்த வேண்டாம். பெரியவர்கள் குனிந்து, கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்.

கூரைக்குத் தகரம் போட்டால் மத்தியானம் உள்ளே இருக்க முடியாது. கான்வஸ் கட்டுவதானால் ஒரு பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். குழிவில் மழைத்தண்ணீர் நின்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். சனிக்கிழமைதோறும் தண்ணீரைக் கொட்டிவிடும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்.

சட்டதிட்டம் அவர்களுடையதாக இருக்கட்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மாதாமாதம் மாறட்டும். வாரம் இருபது காசு மைலோ டின்னில் போட்டு, என்ன வாங்குவது என்று அவர்களே சண்டை பிடிக்கட்டும். கை ஓங்கினால் ஒழிய நீங்கள் போகாதீர்கள். நாங்கள் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. பெரியவர் யாரும் தலையிடாததால் நாங்களே திரும்பப் பேசினோம். பக்கத்துவீட்டுச் சீன, மலாய்ப் பிள்ளைகளையும் கூப்பிடச் சொல்லுங்கள். தின்பண்டம் எல்லாரும் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும்: முறுக்கு, கச்சாங் (கடலை), கொய்யா.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2000 ஜனவரி 1-ஆம் தேதி எங்கள் ஜார்ஜ்டவுனில், பழைய வீடுகளின் வாடகையை ஏற்றவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு முடிந்தது. பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த பல குடும்பங்கள் ஆயர் ஈத்தாம், பாயான் பாரு, பட்டர்வொர்த் என்று சிதறிப்போயின. எங்கள் நால்வர் வீடும் அப்படித்தான். வீட்டு டெலிபோன் எண்கள் ஒரே மாதத்தில் செத்துப்போயின. ஆனால் கிளப் நோட்டில் அப்பாக்களின் வேலையிடமும் பாட்டி வீட்டு முகவரியும் எழுதியிருந்தோம். நாசி கண்டார் கடைப் பையனை அவன் மாமாவின் கடையில் விசாரித்துத்தான் பிடித்தோம்.

எனவே ஒவ்வொரு பிள்ளையும் தன் முழுப்பெயர், பிறந்த தேதி, அம்மா அப்பா வேலை பார்க்கும் இடம், தாத்தா பாட்டி இருக்கும் ஊர் ஆகியவற்றைத் தன் கையால் எழுதட்டும். கைப்பேசி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பிரிந்துபோனாலும் ஆண்டுதோறும் சந்திக்கும் நாளையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். "ஒருநாள் பார்க்கலாம்" என்றால் அந்த நாள் வராது. எங்களுக்குத் தைப்பூசம்; பினாங்கில் அன்று பொதுவிடுமுறை என்பதால் யாரும் சாக்குச் சொல்ல முடியாது. முதல்நாள் ரதத்துக்குத் தேங்காய் உடைக்கச் சீனப் பையன் மனைவியோடு வந்துவிடுவான், மறுநாள் நால்வரும் தண்ணீர்மலை முருகன் கோயில் வழியிலுள்ள ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுவோம்.

நோட்டுக்கு அட்டை போட்டு பிஸ்கட் டின்னுக்குள் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துப் பெற்றோர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எந்தக் குடும்பம் முதலில் வீடு மாறும் என்று யாருக்கும் தெரியாது.