ட்ரில்லியம்: அக்கறையால் வரும் தவறுகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து மேப்பிள் காடுகளுக்குள் மே மாதத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும்: மரங்கள் முழுதாகத் துளிர்க்கும் முன்பே தரையெல்லாம் வெள்ளை ட்ரில்லியம் பூத்துக் கிடக்கும். மூன்று இலை, நடுவில் மூன்று இதழ். 1937 முதல் இதுதான் மாகாணத்தின் மலர். பார்த்துவிட்டு வந்தவருக்குப் பின்வளவிலும் ஒன்று வேண்டும் என்று தோன்றும். மண்வெட்டியோடு காட்டுக்குத் திரும்பிப் போவதுதான் முதல் தவறு. தோண்டி வந்த கிழங்கு பெரும்பாலும் பிழைக்காது, காட்டுக்கும் நட்டம்.

நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள். ஆனால் விதையிலிருந்து வளர்த்த செடியா என்று கேளுங்கள். விதை போட்டால் முதல் வசந்தத்தில் வேர்தான் வரும், அடுத்த வசந்தத்தில்தான் இலை எட்டிப் பார்க்கும். பூப்பதற்கு ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். அத்தனை காலம் பராமரித்த செடியை யாரும் மலிவாக விற்கமாட்டார்கள். விலை குறைவென்றால் அது காட்டில் தோண்டியதோ என்று சந்தேகப்படலாம்.

நான் செய்த தவறு வேறு. வசந்தத்தில் நட்ட செடி ஆகஸ்டில் மஞ்சளடித்து, சுவடே இல்லாமல் போனது. செத்துவிட்டது என்று நினைத்துக் கிளறினேன். சின்ன இஞ்சித் துண்டு போல ஒரு கிழங்கு வந்தது. அதன் நுனியில் வெளிறிய, கூரான ஒரு மொட்டு. அடுத்த ஆண்டின் தண்டு, இலை, பூ எல்லாம் அதற்குள்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் விரல் பட்டு ஒடிந்தது. மறு வசந்தத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. கோடையில் அது உறங்கப் போகிறது, அவ்வளவுதான். நட்ட இடத்தில் ஒரு குச்சியை ஊன்றிவைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

பூவைப் பறித்து ஜாடியில் வைக்கும் ஆசையும் வேண்டாம். இலைகள் பூவுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கின்றன. தண்டோடு பறித்தால் அவையும் போய்விடும். கிழங்குக்கு ஆண்டு முழுவதற்கும் சாப்பாடு தேடித் தருவது அந்த மூன்று இலைகள்தான்.

இலையுதிர் காலத்தில் மேப்பிள் சருகை ஒட்ட வாரிக் காகிதப் பைகளில் கட்டி வீதியோரம் வைக்கிறோமே, அந்தச் சருகு மக்கிய மண்தான் ட்ரில்லியத்துக்கு வேண்டியது. செடியின் மேல் கொஞ்சம் விட்டுவையுங்கள். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். வசந்தத்தில் வெயிலும் கோடையில் நிழலும் தரும் இலையுதிர் மரத்தடியே சரியான இடம்.

விதையைக் கீரை விதை போலக் காயவைத்துச் சேமிக்கக்கூடாது. பழுத்ததும் ஈரத்தோடு விதைக்க வேண்டும். விதையில் ஒட்டியுள்ள கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகளே இழுத்துக்கொண்டு போய்ப் பரப்பும். ஆகவே அந்தப் பக்கம் எறும்பு மருந்து தூவாதீர்கள்.

இதழில் பச்சைக் கோடு விழுந்தால் அபூர்வ வகை என்று மகிழ்ந்து கொண்டாடுபவர்கள் உண்டு. அது பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வரும் நோய். அந்தச் செடியை அகற்றிவிடுவது நல்லது. வெள்ளை இதழ் இளஞ்சிவப்பாக மாறினால் பதற வேண்டாம். பூவுக்கு வயதாகிறது.