கீரிப்பூச்சிக்கு ஒரு வேளை மாத்திரை போதாது

நள்ளிரவில் குழந்தை ஆசனவாயைச் சொறிந்துகொண்டு புரள்கிறது. மறுநாள் மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். சில நாள் நிம்மதி. ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடியும் அதே அரிப்பு. உடனே, "இந்த மாத்திரை கேட்கவில்லை" என்று வேறொன்றைத் தேடுகிறோம். பெரும்பாலும் மாத்திரையில் பிழை இருக்காது, கொடுத்த முறையில்தான் இருக்கும்.

இந்த அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் கீரிப்பூச்சி என்னும் குடற்புழு. வெள்ளை நூல் துண்டு போலிருக்கும் அதன் பெண் புழு இரவில் வெளியே வந்து, ஆசனவாயைச் சுற்றி 10,000 முட்டைகளுக்கு மேல்கூட இடும். சில மணி நேரத்திலேயே அவை தொற்றத் தயாராகிவிடும். சொறிந்த விரல் வாய்க்குப் போனால், சுற்று மறுபடி தொடங்குகிறது. அல்பெண்டசோல், மெபெண்டசோல் போன்ற மருந்துகள் குடலிலுள்ள புழுவைக் கொல்லும். முட்டையை நம்பத்தக்க அளவில் அழிக்காது. விழுங்கிய முட்டை, முட்டையிடும் புழுவாக வளர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் அதைப் பிடிக்கத்தான் இரண்டு வாரம் கழித்து இரண்டாவது வேளை மருந்து. இதைத் தவறவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. முதல் வேளை கொடுத்த அன்றே காலண்டரில் அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள்.

"பள்ளியில்தான் கொடுத்துவிட்டார்களே" என்பார்கள் சிலர். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மிக நல்ல திட்டம், தவறவிடக் கூடாதது. ஆனால் அதன் முதன்மை இலக்கு மண் வழியே பரவும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. கீரிப்பூச்சிக்கு அந்த ஒரு வேளை போதாது.

குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுப்பது அடுத்த தவறு. அரிப்பே இல்லாத அப்பாவிடமும் பாட்டியிடமும் புழு இருக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

படுக்கை விரிப்பை உதறினால் முட்டைகள் அறையெங்கும் பரவும். இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடும் இருக்கும். உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள். குளியல் காலையில் இருக்கட்டும், இரவில் இட்ட முட்டைகள் கழுவப்படும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நம்பி இருந்துவிடாதீர்கள். முட்டைகள் இருப்பது தோலில். காலையில் கழுவுவதற்கு முன் கண்ணாடி போன்ற செலோடேப்பை ஆசனவாய் ஓரத்தில் ஒட்டி எடுத்து மருத்துவரிடம் கொடுத்தால் தெரிந்துவிடும்.

இனிப்பு தின்றதால் பூச்சி வந்தது என்பதும், தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சிதான் என்பதும் வெறும் நம்பிக்கை. அவற்றால் பெரிய கேடில்லை. பூச்சிக்கென்று வேப்பெண்ணெய் புகட்டுவதைத்தான் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். கைக்குழந்தைகளுக்கு அதனால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது.

குழந்தையைத் திட்டவும் வேண்டாம். வெட்கப்பட்டு அரிப்பை மறைத்தால், அந்த வீட்டில் புழு மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.