கழுத்து வலிக்கு டென்ஸ் கருவி: வீட்டிலேயே சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

பிடரியில் தொடங்கித் தோள்பட்டை வரை இறங்கும் வலியோடு ஒன்றரை ஆண்டு காலம் இருந்தேன். டென்ஸ் எனப்படும் மின்தூண்டல் கருவியை வாங்கிய பிறகும் முதல் மூன்று வாரங்களில் துளியும் பலன் தெரியவில்லை. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தபோது, ஒரு பிசியோதெரபிஸ்ட் என் முதுகுப் பக்கம் நின்று நான் செய்வதைப் பார்த்தார். பேட் (தோலில் ஒட்டி மின்சாரத்தைச் செலுத்தும் துண்டு) ஒட்டிய இடம் தவறு, மின்னோட்டத்தின் அளவும் தவறு. இரண்டையும் திருத்திய அன்றே வலி பாதியாக இறங்கியது. அந்தத் திருத்தங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதல்லவா? தொடுவுணர்வைக் கடத்தும் தடித்த நரம்புகள் விழித்துக்கொண்டால், மெல்லிய நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே தடுக்கப்படுகிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-இல் முன்வைத்த 'வாயில் கோட்பாடு' இதுதான். டென்ஸ் அந்தத் தடித்த நரம்புகளை மின்சாரத்தால் தட்டி எழுப்புகிறது. தேய்ந்த எலும்பையோ, முள்ளெலும்புகளுக்கு இடையில் பிதுங்கிய வட்டையோ (டிஸ்க்) அது சரிசெய்யாது. நாள்பட்ட கழுத்து வலிக்கு இது உதவுமா என்று 2019-இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பும், கிடைத்த சான்றுகள் மிகவும் வலுவற்றவை என்றே முடித்தது. எனவே சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது.

தொடங்கும் முன்

பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி உடலுக்குள் இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி ஆகியவற்றுக்குக் கருவி தீர்வல்ல. உடனே மருத்துவரிடம் போங்கள்.

எந்தக் கருவி?

இரண்டு வயர்களும் நான்கு பேட்களும் கொண்ட, அதிர்வெண்ணை எண்ணாகவே திரையில் காட்டும் கருவிதான் என் தேர்வு. 'திட்டம் 1', 'திட்டம் 2' என்று மட்டும் காட்டும் கருவிகளில் உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிவதில்லை. வயரே இல்லாமல் பட்டாம்பூச்சி வடிவில் வரும் ஒற்றைத் துண்டுக் கருவியும் எனக்குப் பிடிக்கவில்லை. வலிக்கும் இடத்துக்கு ஏற்ப அதை நகர்த்த முடியாது. பேட் 5 செ.மீ. சதுரமாக, துணி முதுகுடன் இருந்தால் கழுத்தின் வளைவில் நன்றாகப் படியும்.

படி 1: தோல்

எண்ணெய், கிரீம், வியர்வை எதுவும் இல்லாமல் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். புண், சிராய்ப்பு, உணர்ச்சியற்ற தோல் ஆகியவற்றின் மேல் ஒட்டக் கூடாது.

படி 2: ஒட்டும் இடம்

ஒரு வயரின் இரு முனைகளும் ஒரு சோடி. மின்னோட்டம் அந்த இரண்டுக்கும் இடையில்தான் ஓடும். நான் செய்த முதல் தவறு, முதல் வயரிலிருந்து ஒரு பேடையும் இரண்டாவது வயரிலிருந்து ஒரு பேடையும் ஒட்டி, மற்ற இரண்டையும் மேசையில் வைத்துவிட்டது. சுற்று முழுமையாகாததால் எதுவுமே ஓடவில்லை.

முதல் வயரின் ஒரு பேட், முதுகெலும்புக்கு வலப்புறம், முடி முடியும் கோட்டுக்குச் சற்றுக் கீழே. அதன் இணை, கழுத்தும் தோளும் சேரும் சதைப்பற்றான இடத்தில். இரண்டாவது வயர் இதே போல இடப்புறம். முதுகெலும்பின் மேல் ஒட்டாமல் பிடரியில் அதை அடுத்துள்ள தசையில் ஒட்டுங்கள். பேட்களுக்கு நடுவே ஒரு பேட் அகலமாவது இடைவெளி வேண்டும். கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டும் தடை செய்யப்பட்ட இடங்கள்: அங்குள்ள கரோட்டிட் (தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி) பகுதியைத் தூண்டினால் இரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம், குரல்வளைத் தசைகள் இறுகலாம். மார்புக்குக் குறுக்கேயும் தலையிலும் வேண்டவே வேண்டாம்.

படி 3: எண்கள்

அதிர்வெண் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 100 முதல் 200 மைக்ரோ நொடி. கருவியில் ஈ.எம்.எஸ். என்ற முறையும் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது தசையைச் சுருக்கி விரிக்கும் வேலைக்கானது. ஏற்கெனவே இறுகிய கழுத்தில் மறுநாள் வலி கூடிவிடும்.

படி 4: அளவைக் கூட்டுவது

மூன்று வாரங்களை நான் இழந்தது இங்கேதான். குறுகுறுப்பு தெரிந்த உடனேயே கூட்டுவதை நிறுத்திவிடுவேன். அது போதாது. அளவு 'வலுவாக இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை' என்ற எல்லைக்கு வர வேண்டும். பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். குத்துவது போலவோ எரிவது போலவோ தோன்றினால் ஒரு புள்ளி இறக்குங்கள். உங்கள் அளவு அதுதான். ஐந்து நிமிடத்தில் நரம்பு பழகி உணர்வு மங்கும். அப்போது மீண்டும் ஒரு புள்ளி. அரை மணி நேரத்தில் நான் மூன்று முறையாவது ஏற்றுகிறேன்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஏற்றிக்கொண்டே போயும் எதுவும் தெரியவில்லை என்றால் மேலும் ஏற்றாதீர்கள். ஒரு பேட் கிளம்பியிருக்கலாம். அந்த நிலையில் அதை அழுத்தினால் முழு அளவும் ஒரே நொடியில் பாயும். எனக்குக் கழுத்து வெட்டி இழுத்துவிட்டது. பூஜ்யத்துக்கு இறக்கி, பேடைச் சரிசெய்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.

படி 5: அந்த அரை மணி நேரம்

இருபது முதல் முப்பது நிமிடங்கள் போதும். தூங்கும்போது, குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது கூடாது. நிவாரணம் பெரும்பாலும் கருவி ஓடும்போதும் அதற்குப் பின் சிறிது நேரமும்தான். அந்த நேரத்தைப் படுத்துக் கழிக்காமல் உடற்பயிற்சிக்குக் கொடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. முகவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து நொடி நிறுத்துவது, தோள்பட்டை எலும்புகளை ஒன்றையொன்று நோக்கி இறுக்குவது. ஒவ்வொன்றும் பத்து முறை. வலியோடு செய்ய முடியாத இவற்றைச் செய்ய முடிந்ததுதான் எனக்கு நிலையான மாற்றத்தைத் தந்தது.

பின்னர் சேர்த்தவை

"முதல் வாரம் நன்றாக இருந்தது, இப்போது வேலை செய்யவில்லை" என்று பலர் எழுதினார்கள். தினமும் ஒரே அதிர்வெண், ஒரே அளவு என்றால் சில நாள்களிலேயே உடல் பழகிவிடுகிறது. ஒரு நாள் 100 ஹெர்ட்ஸ், மறுநாள் 4 ஹெர்ட்ஸ் என்று மாற்றிப் பாருங்கள். 4 ஹெர்ட்ஸில் தசை இலேசாகத் துடிப்பது இயல்பு.

ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற) வலி மருந்தை நீண்ட நாளாக எடுப்பவர்களுக்கு அந்தக் குறைந்த அதிர்வெண் அவ்வளவாக உதவாது. நரம்பு செல்களில் அந்த மருந்து பற்றிக்கொள்ளும் இடங்களான அதே ம்யூ ஏற்பிகள் வழியாகவே அதுவும் வேலை செய்கிறது. அவர்கள் அதிக அதிர்வெண்ணிலேயே இருங்கள்.

பேட் சீக்கிரம் ஒட்டாமல் போகிறது என்றவர்களுக்கு: வயரைப் பிடித்து இழுக்காமல் ஓரத்தைப் பிடித்து உரியுங்கள், பசைப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, வந்த பிளாஸ்டிக் தாளிலேயே திரும்ப ஒட்டி வையுங்கள். கழற்றிய இடம் சிறிது நேரம் சிவந்திருப்பது பரவாயில்லை. மறுநாளும் அரிப்போடு சிவப்பு நின்றால் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். தோல் ஆறும்வரை நிறுத்திவிட்டு, ஒவ்வாமை குறைந்த வகை பேடுக்கு மாறுங்கள்.