குறைந்த பட்ஜெட்டில் மௌண்டன் பைக்: எங்கே கோட்டை விடுகிறோம்?

காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டப் புதிதாக வருகிறவர்களில், வாங்குவதற்கு முன் யோசனை கேட்பவர்களைவிட வாங்கிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். பில் போட்டாயிற்று, வண்டி வீட்டில் நிற்கிறது, "அண்ணா, இதில் நல்ல ஃபோர்க் ஒன்று மாட்டலாமா?" என்று அப்புறம்தான் பேச்சு தொடங்கும். (ஃபோர்க் என்பது முன் சக்கரத்தைத் தாங்கும் கவை.) நான் முதல் வண்டி வாங்கியபோது சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஹெல்மெட் போடுங்கள், நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பெயரை நம்புவது

தடித்த டயர், முன்னால் ஒரு ஸ்பிரிங், ஃப்ரேம் முழுக்க மலைப் படம். இவ்வளவு இருந்தால் மௌண்டன் பைக் என்று விற்றுவிடலாம். ஆனால் அதே வண்டியின் ஃப்ரேமிலோ கையேட்டிலோ 'கரடுமுரடான பாதைக்கு உகந்ததல்ல' என்று சின்ன எழுத்தில் இருக்கலாம், தேடிப் படியுங்கள். பல கம்பெனிகள் வண்டியின் பயன்பாட்டை எண் போட்டுப் பிரிக்கின்றன: 2 என்றால் மண் சாலை, 15 சென்டிமீட்டருக்குள் சின்னச் சின்ன இறக்கம், 3 என்றால் கல்லும் வேரும் நிறைந்த பாதை, சுமார் 60 சென்டிமீட்டர் வரையான குதிப்பு. உங்களுக்கு வேண்டியது 3. கடைக்காரருக்கு அது தெரியாவிட்டால் கையேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மலிவான ஃபுல் சஸ்பென்ஷன்

வேண்டாம். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் என்று சொன்னாலும், அந்த விலையில் பின்னால் இருப்பது வெறும் ஸ்பிரிங், அதிர்வை அடக்கும் எண்ணெய் அமைப்பு கிடையாது. மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதி மேலும் கீழும் ஆடுவதிலேயே போகும், எடையும் கூடும், இணைப்புகள் சீக்கிரமே தளர்ந்து சத்தம் போடும். அதே பணத்துக்கு முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் எப்போதும் மேல்.

'இப்போதைக்கு இது போதும், அப்புறம் பார்ட்ஸ் மாற்றிக்கொள்ளலாம்'

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சொல்கிறவர் மேல் இல்லை, இந்த யோசனை மேல். கேட்க அவ்வளவு நியாயமாக இருக்கிறது: கையில் இருக்கும் காசுக்கு ஒரு வண்டி வாங்கு, மாதா மாதம் கொஞ்சம் சேர்த்து ஒவ்வொரு பாகமாக உயர்த்து, ஒரு வருஷத்தில் நல்ல வண்டி ஆகிவிடும். ஆகாது. ஏன் ஆகாது என்பதை எங்களோடு ஓட்டவந்த ஒரு தம்பி வழியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் அந்தப் பாதையில் கடைசி வரை போய்ப் பார்த்தவர்.

அவர் வாங்கியது அலுமினியம் ஃப்ரேம், 21 கியர், மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக். பார்க்க நன்றாகவே இருந்தது. வேர்கள் நிறைந்த முதல் இறக்கத்திலேயே முன் ஃபோர்க் பந்து மாதிரி துள்ளி ஹேண்டில்பாரை உதறியது. அதில் ஸ்பிரிங் மட்டும்தான், திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. சரி, ஃபோர்க்கை மாற்றிவிடலாம் என்று தள்ளுபடியில் கிடைத்த 120 மில்லிமீட்டர் வரை அமுங்கும் ஏர் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று) ஒன்றை வாங்கிவிட்டார். நல்ல ஃபோர்க்தான். ஆனால் அதன் தண்டு கீழே ஒன்றரை அங்குலமாக அகலும் டேப்பர் வகை. இவருடைய வண்டியின் ஹெட் ட்யூபோ (ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஃப்ரேமின் முன் குழாய்) மேலிருந்து கீழ்வரை 34 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட பழைய வகை. உள்ளே போகவே போகாது. 44 மில்லிமீட்டராக இருந்திருந்தால் கீழே பேரிங்கைத் தாங்கும் ஒரு வெளிக் கப் போட்டுச் சமாளித்திருக்கலாம், 34-க்கு அந்த வழியும் இல்லை. ஹெட் ட்யூபை விட்டுத் தள்ளினாலும் அந்த ஃபோர்க்குக்கு வேண்டியது 15 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சில் (சக்கரத்தின் ஊடே நுழைந்து ஃபோர்க்கில் திருகும் தடித்த அச்சு), இவருடைய முன் ஹப்போ (சக்கரத்தின் நடுப்பாகம்) 9 மில்லிமீட்டர் குவிக் ரிலீஸ் (நெம்பிக் கழற்றும் மெல்லிய அச்சு). அதாவது ஃபோர்க்கோடு முன் சக்கரமும் புதிதாக வேண்டும்.

அதைத் திருப்பிக் கொடுத்து, நேரான தண்டுள்ள வேறொரு ஃபோர்க்கைத் தேடிப்பிடித்து மாட்டினார். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் பின் ஆக்சில் வளைந்தது. இது அவர் ஓட்டிய விதத்தின் கோளாறு இல்லை, அந்த ஹப்பின் அமைப்பே அப்படி. ஏழு கியர் ஃப்ரீவீல் (திருகி மாட்டும் பல்சக்கரக் கொத்து) ஹப்பில் வலது பக்க பேரிங், பல்சக்கரக் கொத்துக்கு உள்பக்கமாக இருக்கும். அதற்கு வெளியே ஆக்சில் தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். குதித்து இறங்கும்போது வளைகிற இடம் அதுதான். கேசட் (செருகி மாட்டும் பல்சக்கரக் கொத்து) போடும் ஹப்பில் பேரிங் ஓரத்துக்குத் தள்ளி இருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆக, பின் சக்கரத்தையே மாற்றினார். கேசட் வந்தது, கூடவே 9 கியர் ஷிஃப்டர் (கையால் கியர் மாற்றும் விசை), டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பாகம்), செயின், எல்லாம் வந்தன. கழற்றவும் மாட்டவும் தனித்தனி டூல், அது இல்லையென்றால் மெக்கானிக் கூலி.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கம்பெனிகள் பாகங்களை மொத்தமாக வாங்கும் விலைக்கும், அதே பாகத்தை நாம் கடையில் ஒற்றையாக வாங்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் தம்பி கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, முதலிலேயே ஒரு படி மேலே உள்ள ஹார்ட்டெயிலை வாங்கிக் கையில் மிச்சமும் வைத்திருக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் ஃப்ரேம் அதே பழைய ஃப்ரேம்தான், செங்குத்தான இறக்கத்தில் முன்னால் கவிழ்கிற மாதிரியே இருந்தது. விற்கப் போனால் போட்ட பாகங்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

அதனால் பட்ஜெட் இறுக்கமாக இருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஃப்ரேமும் ஹப்பும். ஹெட் ட்யூபின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடத் தடித்திருக்கிறதா? முன்னால் த்ரூ ஆக்சிலா? பின்னால் கேசட்டா, ஃப்ரீவீலா? (பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். டூல் நுழையும் நடு வளையமும் சேர்ந்து சுற்றினால் கேசட், அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.) சீட் ட்யூப் 30.9 அல்லது 31.6 மில்லிமீட்டராக இருந்து, கேபிள் உள்ளே போக ஓட்டையும் இருந்தால், பின்னாளில் டிராப்பர் சீட்போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் தண்டு) போடுவது சுலபம். இவை சரியாக இருக்கும் வண்டியில் கியர் கொஞ்சம் சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை, அது தேயும்போது மாற்றலாம். இந்த நான்கும் கிடைக்கிற அளவுக்குப் பணம் இல்லையென்றால் சில மாதம் பொறுத்து வாங்குங்கள், அல்லது அதே மாடலின் போன வருஷத்து வண்டி கிடக்கிறதா என்று கேளுங்கள். பொறுக்க முடியாது, மண் சாலையில் மட்டும்தான் ஓட்டப்போகிறேன் என்றால் எளிய வண்டி ஒன்றை வாங்கி அப்படியே ஓட்டுங்கள். டயரும் பிரேக் பேடும் தவிர அதில் எதற்கும் காசு போடாதீர்கள்.

கியரை எண்ணுவது

21 பெரிதா, 9 பெரிதா? ஏற்றத்தில் எண்ணிக்கை உதவாது. மலிவான 21 கியர் வண்டியில் முன்னால் சிறியது 24 பல், பின்னால் பெரியது 28 பல் என்று இருக்கும்; ஒரு மிதிக்குச் சக்கரம் 0.86 சுற்று. முன்னால் ஒரே 32 பல், பின்னால் 46 பல் வரை போகும் 9 கியரில் அது 0.70. ஒன்பதுதான் சுலபமாக ஏறும். முன் டெரெய்லர் இல்லாததால் கெட்டுப்போக ஒரு பாகம் குறைவு, குலுக்கலில் செயின் கழல்வதும் குறைவு.

பின் டெரெய்லரைக் காட்டி ஏமாற்றுவது

கண்ணில் படும் பின் டெரெய்லரை மட்டும் ஒரு தரம் உயர்த்திப் போட்டு, ஷிஃப்டர், கிராங்க் (பெடல் மாட்டும் கை), ஹப், செயின் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிடுவது பழைய வித்தை. விவரப் பட்டியலில் பெயர் சொல்லாமல் 'அலாய்' என்று மட்டும் போட்டிருக்கும் வரிகளைக் கவனியுங்கள், அங்கேதான் மிச்சம் பிடித்திருப்பார்கள். கியர் மாறுவது சுத்தமாக இருக்க டெரெய்லரைவிட ஷிஃப்டர் முக்கியம்.

டிஸ்க் என்றாலே நல்ல பிரேக் என்று நினைப்பது

மலிவான மெக்கானிக்கல் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகரும், கேபிளை அடிக்கடி இறுக்க வேண்டும், நீண்ட இறக்கத்தில் விரல் வலிக்கும். ஷிமானோவின் எம்டி200 மாதிரி அடிப்படை ஹைட்ராலிக் பிரேக்கே (கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது) போதும், ஒரு விரலால் வண்டி நிற்கும். அதோடு வரும் ரோட்டரில் (பேட் பிடிக்கும் வட்டத் தகடு) 'ரெசின் பேட் மட்டும்' என்று எழுதியிருந்தால் மெட்டல் பேட் போடாதீர்கள், ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

27.5-ஆ 29-ஆ என்று மாதக்கணக்கில் யோசிப்பது

உங்கள் சைஸ் ஃப்ரேமில் எந்த அங்குலச் சக்கரம் வருகிறதோ அது.

தள்ளுபடிக்காகச் சைஸை விட்டுக்கொடுப்பது

கடைசியில் மிஞ்சும் வண்டிகள் அநேகமாக மிகச் சிறியதாகவோ மிகப் பெரியதாகவோதான் இருக்கும். "சீட்டை ஏற்றிக்கொள்ளலாம்" என்று சொல்வார்கள். சீட் ஏறும், ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் ஏறாது. நம்பி வாங்கினால் முதுகு, மணிக்கட்டு இரண்டும் வலிக்கும். பெரிய வண்டியில் கால் தரையில் ஊன்றும்போது மேல்குழாய் இடிக்கும், பாறைமேல் அது ஆபத்து. கம்பெனி தரும் அட்டவணையில் உயரத்தோடு ரீச் அளவையும் (மிதி அச்சிலிருந்து ஹெட் ட்யூப் வரையான கிடைத் தூரம்) பாருங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் இருந்தால் இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கடைசிப் பைசா வரை வண்டியிலேயே போடுவது

டயருக்கு ஒதுக்குங்கள். விலை குறைந்த வண்டியோடு வரும் டயர் பெரும்பாலும் கடினமான ரப்பர், ஈரக் கல்லில் வழுக்கும். முன்னால் மட்டுமாவது 2.3 அல்லது 2.4 அங்குலம் அகலமான நல்ல டயர் போட்டால் வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும், ஆனால் அந்த அகலத்துக்கு ஃபோர்க்கில் இடம் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். கூடவே பம்ப், உபரி டியூப், டயர் லீவர், செயின் எண்ணெய், பிடிமானமுள்ள பெடல். பிரஷர் கேஜ் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் காற்றைக் கல் மாதிரி ஏற்றிவிட்டு ஃபோர்க் சரியில்லை என்கிறார்கள்.

டெலிவரி எடுத்த ஒரு மாதத்துக்குள் ஸ்போக்கும் கேபிளும் இளகும். முதல் சர்வீஸ் விலையில் அடக்கமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.