கல்லூரியில் சேர்க்கும் முன் இருட்டிய பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி, நாலுவழிச்சாலை ஓரத்துக் கல்லூரிகள் என்று குடும்பத்தோடு ஒரு சுற்று போய்வருவது நெல்லையில் வழக்கம். லேப், லைப்ரரி, வாசலில் சிசிடிவி திரை எல்லாம் காட்டுவார்கள். அதெல்லாம் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரைக்குமான கல்லூரி. பிள்ளையின் பாதுகாப்பைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மிச்ச நேரத்துக் கல்லூரியைப் பார்க்க வேண்டும். அதற்கு வீட்டில் அரைமணி நேர வேலையும், ஒரு மாலை நேரப் பயணமும் போதும்.

முதலில் வீட்டு வேலை. கல்லூரியின் இணையதளத்தில் ராகிங் தடுப்புக் குழு, பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்புகார் குழு இரண்டின் உறுப்பினர் பட்டியலைத் தேடுங்கள். பட்டியலே இல்லையென்றால் அதுவே ஒரு பதில். இருந்தால் எந்த ஆண்டுக்கானது என்று பாருங்கள். ஓய்வு பெற்றுப் போனவர் பெயர் இன்னும் தலைவராக நிற்பதுண்டு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிப்படி உள்புகார் குழுவுக்கு மூத்த பெண் ஆசிரியர் ஒருவர் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள். கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் வேண்டும். அந்த வெளி உறுப்பினர் யார் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். நிர்வாகத்தின் சொந்தக்காரரோ, அதே அறக்கட்டளையின் இன்னொரு கல்லூரி முதல்வரோ இருந்தால் குழு பெயருக்குத்தான். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் ஆண்டுதோறும் போடும் தர அறிக்கையும் பல தளங்களில் கிடைக்கும். அதில் ஐந்தாம் பிரிவையும் ஏழாம் பிரிவையும் மட்டும் படித்தால் போதும். மாணவர் குறைதீர்ப்பும் பெண்கள் பாதுகாப்பும் அங்கேதான் வரும்.

பிறகு வார்டன் எண்ணுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு போன் போடுங்கள். எடுக்கிறார்களா, எடுத்தவர் வார்டனா வாட்ச்மேனா என்பது முக்கியம். விடுதி வார்டன் எந்நேரமும் தொடர்பில் இருக்க வேண்டும் என்பது யுஜிசியின் 2009 ராகிங் தடுப்பு விதியிலேயே உள்ளது.

"எங்க காலேஜ்ல இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ண்ட் கிடையாது சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருக்கும் இடத்தில் ஆண்டுக்கணக்காக ஒரு புகாரும் இல்லையென்றால், புகார் கொடுக்க வழியில்லை அல்லது கொடுத்தவரை அடக்கிவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். "போன வருஷம் இத்தனை வந்தது, இத்தனை பேர் மேல நடவடிக்கை எடுத்தோம்" என்று சொல்லும் கல்லூரியை நம்பலாம். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்று ஆண்டறிக்கை கொடுப்பது சட்டப்படி அவர்கள் கடமை. கேட்கத் தயங்க வேண்டாம்.

ராகிங் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டமே உண்டு. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1997-ல் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். யுஜிசி விதிப்படி, குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் பதிய வைப்பது கல்லூரித் தலைவரின் பொறுப்பு. "நாங்களே பேசித் தீர்த்துக்குவோம்" என்பவர் விதியை மீறுகிறார். நேரில் போகும்போது இரண்டைக் கேளுங்கள்: முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தனி விடுதியோ தனிப் பகுதியோ உண்டா, சேரும்போது வார்டன், முதல்வர், போலீஸ் எண்கள் அச்சிட்ட துண்டறிக்கை கையில் தருவீர்களா. தேசிய உதவி எண் 1800-180-5522. 24 மணி நேரமும் இயங்கும்.

மாலைப் பயணம்

காரில் போகாதீர்கள். பிள்ளை எந்த பஸ்ஸில் போகுமோ அதிலேயே, ஆறு மணி வாக்கில் போய் இறங்குங்கள். நாலுவழிச்சாலை ஓரத்துக் கல்லூரியென்றால் போகும்போது வாசலிலேயே இறங்கிவிடலாம். திரும்பும் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வரும் சாலையை இருட்டில் கடக்க வேண்டும். சுரங்கப்பாதை இருக்கிறதா, இருந்தால் அதில் விளக்கு எரிகிறதா, மழைத் தண்ணீர் நிற்குமா? வெளியாள் பயத்தைவிட இந்தச் சாலை பயம்தான் பல கல்லூரிகளில் நிஜமானது. கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்காமல் டீக்கடையில் கேளுங்கள்.

வாசலிலிருந்து விடுதி வரை நடந்து பாருங்கள். எத்தனை விளக்குக் கம்பம், எத்தனை எரிகிறது? பின்பக்கச் சுவர் எங்கே முடிகிறது, எந்த இடத்தில் முள்ளுக்காட்டோடு சேர்கிறது? வாசலில் பெண் காவலர் இருக்கிறாரா? 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாள் ஒருவன் இரவில் நுழைந்து மாணவியை வன்கொடுமை செய்த வழக்கு நினைவிருக்கும். நகரத்து நடுவிலுள்ள பெரிய வளாகத்துக்கே அந்த நிலை. கேமரா எத்தனை என்று கேட்பதால் பயனில்லை. எத்தனை நாள் பதிவு இருக்கும், ராத்திரி யார் பார்க்கிறார், கரண்ட் போனால் கேமரா ஓடுமா என்று கேளுங்கள்.

விடுதிக்குள் போனதும் முதல் கேள்வி: இரவில் கதவைப் பூட்டுவீர்களா, சாவி யாரிடம்? எட்டு மணிக்குப் பூட்டி, சாவியை வாட்ச்மேன் வெளியே வைத்திருக்கும் விடுதியைக் கண்டிப்பானது என்று பெற்றோர் மெச்சுகிறார்கள். தீப்பிடித்தால் அது பொறி. சன்னலெல்லாம் கம்பி, ஒரே மாடிப்படி, அதன் அடியிலேயே மின்பலகையும் பழைய மெத்தையும் குவிந்திருந்தால் அந்த விடுதி வேண்டாம். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் ஃப்ரிட்ஜிலிருந்து பரவிய தீயில் பெண்கள் இறந்தார்கள். மாடிப்படி இரண்டு வேண்டும், கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும். தீயணைப்புக் குப்பியில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, கடைசியாகச் சோதித்த தேதிச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கரியமிலவாயுக் குப்பியில் முள் இருக்காது. அதற்குத் தேதிதான் கணக்கு. வெளியே தனியார் மகளிர் விடுதியில் தங்குவதானால் தமிழ்நாட்டின் 2014 விடுதிச் சட்டப்படி கலெக்டர் கொடுத்த உரிமம் வேண்டும். நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மெஸ்ஸில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் தொங்குகிறதா, தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டடத்தைப் பார்க்கும்போது முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம் போங்கள். 2021 டிசம்பர் 17-ல் நெல்லையில் ஒரு பள்ளியில் இடிந்து மூன்று மாணவர்களைக் கொன்றது கழிப்பறைச் சுவர். முகப்புக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பார்கள். கழிப்பறையையும் சைக்கிள் கொட்டகையையும் யாரும் பார்ப்பதில்லை. சுவரில் படிக்கட்டு மாதிரி சாய்வாக ஓடும் வெடிப்பு, வெளிப்பக்கம் தள்ளி நிற்கும் சுவர், கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் கூரை ஆகியவை ஆபத்தின் அடையாளம்.

மே மாதம் போனால் எல்லா வளாகமும் காய்ந்து கிடக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஏறியபோது ஜங்ஷனும் வண்ணாரப்பேட்டையும் கலெக்டர் அலுவலகமும் தண்ணீரில் நின்றன. அந்த இரண்டு நாளும் விடுதிப் பிள்ளைகளை எங்கே வைத்தீர்கள், சாப்பாடு எப்படி, ஜெனரேட்டர் தரைத்தளத்திலா மேலேயா என்று கேளுங்கள். நேர்மையான வார்டன் அந்த நாட்களை மணிக்கணக்கில் சொல்வார். இரவில் நோய் வந்தால் என்ன செய்வார்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அபிஷேகப்பட்டி பக்கமிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வர, ஊரையும் ஆற்றையும் தாண்ட வேண்டும். 108 வரும்வரை விடுதியில் வண்டி நிற்கிறதா, கூட யார் வருவார்?

ஆறு, குளம், கல்குவாரிப் பள்ளம் பக்கத்தில் இருந்தால் பிள்ளையிடம் நேராகப் பேசுங்கள். கூட்டமாகக் குளிக்கப் போய் நீச்சல் தெரியாதவர் முழுகுவது இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. குவாரிப் பள்ளத்தில் கரையிலிருந்து ஓரடி தள்ளியதும் செங்குத்தாக ஆழம்.

நம் பக்கத்தில் சொல்லாமல் விட முடியாத ஒன்று சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கல்லூரி வாசலில் அரைமணி நேரம் நின்றால் கயிறு தெரியும். இன்னொரு கேள்வியும் உண்டு: விடுதி அறையை எப்படி ஒதுக்குகிறீர்கள்? பதிவெண் வரிசையில், துறை வாரியாக என்றால் சரி. "ஒரே ஊர்ப் பிள்ளைங்கள ஒண்ணா போட்டுருவோம்" என்றால் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அந்த விடுதியில் சின்னச் சண்டையும் ஊர்ச் சண்டையாகிவிடும்.

விடுதிப் பிள்ளைகளிடம் பேசும்போது வார்டன் பக்கத்தில் இருக்கக் கூடாது. டீக்கடையிலோ பஸ் நிறுத்தத்திலோ, "ஏம்மா, ராத்திரி ஒரு பிரச்சினைன்னா முதல்ல யாருக்குப் போன் போடுவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். வார்டன் என்றாலோ ஆசிரியர் ஒருவர் பெயரைச் சொன்னாலோ நல்லது. "வீட்டுக்குத்தான்" என்றால் அந்தக் கல்லூரியில் பிள்ளை தனியாள்.

கட்டணம் கட்டும் நாளில் ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் கையோடு திருப்பி வாங்குங்கள். கல்லூரி அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-ல் சொல்லிவிட்டது. அதே அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் சிறு செயலாக்கக் கழிவு போகக் கட்டணம் முழுதும், அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருந்தால், பிள்ளை "எனக்கு இங்க இருக்கப் பயமா இருக்கு" என்று சொன்ன பிறகும் கூட்டிவர முடியாமல் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.