கால் நகம் ஏடு ஏடாக உரிகிறதா? காரணம் பார்த்து, கவனிக்கும் முறை

கால் நகம் உரிந்தால் பலரும் முதலில் வாங்குவது கால்சியம் மாத்திரை. நகத்துக்கு உறுதி தருவது கால்சியம் அல்ல, கெரட்டின் என்ற புரதம். மெல்லிய கெரட்டின் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதுதான் நகம். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். குளியல், துணி துவைப்பது, தரை கழுவுவது என்று தினமும் பலமுறை இப்படி நடந்தால் ஏடுகளின் பிடிப்பு விட்டுப்போகும். நுனிதான் நகத்தின் மிகப் பழைய பகுதி. அதனால் உரிவதும் அங்கேதான் தொடங்கும்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

நெயில் பாலிஷை முழுக்க அழித்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நுனி மட்டும் வெங்காயச் சருகுபோல் கிளம்பியிருக்கிறது, நிறம் மாறவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீரோ ரிமூவரோதான் காரணம். பெருவிரலிலும் சுண்டுவிரலிலும் மட்டும் உரிந்தால் ஷூவைச் சந்தேகியுங்கள். பாலிஷ் எடுத்த இடத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டு தெரிந்தால், பல வாரம் ஒட்டியிருந்த பாலிஷோடு மேல் ஏடும் வந்திருக்கும்.

நகம் மஞ்சளித்து, தடித்து, அடியில் மாவுபோல் உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அப்போது விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். சேற்றுப்புண்ணை அப்படியே விட்டால் பூஞ்சை அங்கிருந்து நகத்துக்கு ஏறும். ஆனால் சொரியாசிஸிலும், ஷூ இடித்த பழைய காயத்திலும் நகம் இதேபோல் தடிக்கும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கை நகங்களும் மெலிந்து கரண்டிபோல் குழிந்திருந்தால் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வெட்டுவது

குளித்து 10 நிமிடம் கழித்து வெட்டுங்கள். அப்போது நகம் சற்று இளகியிருக்கும். முழுக்கக் காய்ந்த நகம் வெட்டும்போது தெறித்துப் பிளக்கும். நேர்கோட்டில், விரல் நுனி அளவுக்கு வெட்டினால் போதும். நகக்கண்ணுக்குள் வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும். பெருவிரல் நகத்தை ஒரே கடியில் வெட்டாமல், ஓரத்திலிருந்து மூன்று நான்கு சிறு கடிகளாக வெட்டுங்கள்.

கிளம்பிய ஏட்டைப் பிய்க்காதீர்கள். பிய்த்தால் அது நல்ல பகுதிவரை கிழித்துக்கொண்டு போகும். நகம் நன்றாகக் காய்ந்த பிறகு, சொரசொரப்பு குறைந்த அட்டை அரத்தால் (180 அல்லது 240 எண்) ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னுமாக இழுத்தால் ஏடுகள் மறுபடி பிரியும். நகத்தின் மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த நகம் அது.

ஈரத்தை அடைப்பது

இரவில் கால் கழுவி, விரலிடுக்குவரை துடைத்துவிட்டு, இரண்டு காலுக்கும் சேர்த்துப் பட்டாணி அளவு வாசலின் எடுத்து நகத்திலும் நகக்கண்ணிலும் நுனியின் அடியிலும் தேயுங்கள். தேங்காய் எண்ணெயும் ஆகும். வாசலின் கூடுதல் நேரம் நிற்கும். விரலிடுக்கில் மட்டும் பூசாதீர்கள், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். உப்பு, வெந்நீர், எலுமிச்சை என்று அரை மணி நேரம் காலை ஊறவைப்பது உரியும் நகத்துக்கு நேர் எதிரான வைத்தியம். யூரியா 40% களிம்பு தடித்த நகத்தைக் கரைப்பதற்கானது. மெலிந்த நகத்தில் போடாதீர்கள்.

பாலிஷ் போட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு வாரத்தில் எடுத்துவிட்டு, அடுத்த ஒரு வாரம் நகத்தைச் சும்மா விடுங்கள். அசிட்டோன் இல்லாத ரிமூவரும் நகத்தைக் காயவைக்கும், கொஞ்சம் குறைவாக. ஷூவை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். நின்று பார்க்கையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கவேண்டும்.

மருத்துவரிடம் எப்போது

பூஞ்சை என்று தோன்றினால் மருந்துக்கு முன் பரிசோதனை: நகத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஏற்கெனவே களிம்பு பூசியிருந்தால் சொல்லிவிடுங்கள், பூஞ்சை இருந்தும் தெரியாமல் போகலாம். படர்தாமரைக் களிம்பு நகத்துக்குள் சரியாக இறங்காது. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரை கால் நகத்துக்கு வழக்கமாக 12 வாரம். கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். நகத்துக்காகப் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன் அதையும் சொல்லவேண்டும், முடிவு தவறாகக் காட்டலாம்.

ஒரே நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்து அகலமானால் நாள் கடத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிகள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தடித்த நகத்தைத் தாங்களே வெட்டக்கூடாது.

கால் பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். மாதம் ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவையுங்கள். இரண்டாவது மாதப் படத்தில் நுனியைப் பார்க்காமல் நகத்தின் அடியைப் பாருங்கள். அங்கே 3 மில்லிமீட்டர் வழவழப்பாக வந்திருந்தால் செய்வதை அப்படியே தொடரலாம்.